பழுதாகி நின்ற பஸ்ஸும் பதினொரு பேரும்

லொகேஷன் பகுதிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

உங்கள் கூட்டத்தில் வந்து பேசும்படி கேட்டீர்கள். எனக்கு மைக்கைக் கையில் தந்தால் வாய் எங்கேயாவது போய்விடும், பிறகு பிடித்துக்கொண்டு வருவது கஷ்டம். அதனால் எழுதித் தருகிறேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசியுங்கள்.

நாங்கள் செய்யும் வேலை என்னவென்று என் மனைவிக்கே ஓய்வு பெறும்வரை சரியாகத் தெரியாது. படம் எடுக்க இடம் பார்ப்பது, அதற்கு அனுமதி வாங்குவது, அக்கம்பக்கத்தவர்களின் ஏச்சை வாங்குவது, எல்லோரும் போன பிறகு கடைசிக் குப்பைப் பையைக் கட்டுவது. இவ்வளவுதான். ரொறொன்ரோ நிறையப் படங்களில் நடிக்கிறது, ஆனால் சொந்தப் பெயரில் நடிப்பது குறைவு. ஒரு நாள் நியூயோர்க், மறுநாள் சிக்காகோ. அந்த வேஷத்தைப் போட்டுவிடுகிறவர்கள் நாங்கள். கனடாக் கொடியை இறக்கி வைப்பதும், தபால் பெட்டியை மூடி மறைப்பதும் எங்கள் கைவேலைதான்.

எப்படிப் பெர்மிட் எடுப்பது, எங்கே லொறிகளை நிறுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு பின்னேரத்தைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன்.

அது ஒரு பஸ் பயணப் படம். அமெரிக்காவின் தெற்கில் ஒரு ஊரிலிருந்து பதினொரு கறுப்பின ஆண்கள் ஒரே பஸ்ஸில் ஏறி, தலைநகரில் நடக்கும் பெரிய கூட்டமொன்றுக்குப் போகிறார்கள். ஆளுக்கு ஆள் முன்பின் தெரியாது. வழி முழுக்கச் சண்டை. காசுக்காரன் ஏழையோடு, கிழவன் இளைஞனோடு, சாமி கும்பிடுகிறவன் கும்பிடாதவனோடு. கடைசியில் இறங்கும்போது ஒரே ஆட்களாக இறங்குகிறார்கள். கதை அவ்வளவுதான். நல்ல கதை. எழுதி இயக்கியவரும் கறுப்பினத்தவர், அமெரிக்கர். பல வருடங்களாக அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாராம்.

நடிகர்களில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் இங்குள்ள பெடியங்கள். ஜமெய்க்கா, கானா, சோமாலியா என்று எங்கெங்கோ இருந்து வந்த தாய் தகப்பனுக்கு இங்கே பிறந்தவர்கள். படத்தில் ஒற்றுமை கடைசிக் காட்சியில்தான் வரவேண்டும். படத்துக்கு வெளியே அது வருகிற மாதிரியே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக் கூடாரத்தில் அமெரிக்கர்கள் ஒரு மேசை, எங்கள் ஊர்க்காரர்கள் இன்னொரு மேசை.

அதற்கு முக்கிய காரணம் இரண்டு பேர். டேரல் அமெரிக்கர், பெயர் பெற்ற நடிகர், வாய் கொஞ்சம் நீளம். ஆன்ட்ரே ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதிப் பெடியன். தாய் ஜமெய்க்காவிலிருந்து வந்து அங்கே அஜின்கோர்ட்டில் அவனை வளர்த்தவர். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளோடு படித்து, எங்கள் கடைகளில் கொத்துரொட்டி சாப்பிட்டு வளர்ந்தவன். முதல் நாளே என்னைப் பார்த்து "என்ன அண்ணை, சுகமோ?" என்று கேட்டானே, நான் வாயைப் பிளந்துவிட்டேன். அந்த ஒரு வசனம்தான் தெரியும், ஆனால் அதைச் சுத்தமாகச் சொன்னான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம், எல்லோருக்கும் கேட்கும்படி டேரல் அவனிடம் சொன்னார்: "உங்கட நாட்டில பொலிஸ் மறிச்சா, முதல்ல மன்னிப்புக் கேட்டுட்டுக் கோப்பி தருவாங்களாமே? நீங்க எப்பிடி எங்களை மாதிரி நடிக்கப் போறீங்க?"

அமெரிக்க மேசை சிரித்தது. ஆன்ட்ரே கரண்டியைக் கீழே வைத்தான். "நீங்க ஒருநாள் ஸ்காபரோவுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எழுதிக் கொடுத்த வசனத்தைத் தவிர ஒரு சொல் பேசவில்லை.

நான் மட்டக்களப்பான். எனக்கு இது புதிதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்று, உள்ளுக்குள் எத்தனை மேசை! என்னுடைய உதவி மேலாளர் குகன் யாழ்ப்பாணத்தான். எனக்கு ஏறக்குறைய வயதொத்த ஆள், என்றாலும் "அண்ணை" என்பான். நானும் அவனும் வாக்கி ரேடியோவில் தமிழில்தான் அலட்டுவோம். வேறொருவருக்கும் விளங்காது என்ற துணிவு. ஒரு நாள் டைரக்டர் பத்தாவது தரமும் ஒரே காட்சியை எடுக்கச் சொன்னபோது, பொது அலைவரிசையில் குகன் சொன்னான்: "அண்ணை, உங்கட ஊரில மந்திரம் போட்டு, வந்த ஆக்களைப் போகவிடாமல் பாயோட ஒட்ட வைப்பினமாம். இந்த மனுசனை ஒருக்காக் கதிரையோட ஒட்ட வையுங்கோவன்."

நான் சிரித்த சிரிப்பில் உதவி இயக்குநர், "என்ன நடக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "மழை வருமாம்" என்றேன். இதைச் சும்மா சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தால் என்ன வந்தது என்று கேளுங்கள்.

அன்றைக்கு ஸ்ரௌவ்வில் என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே ஒரு வயல்வெளி வீதியில் படப்பிடிப்பு. இரண்டு பக்கமும் காய்ந்த சோளம், ஆளுயரத்துக்கு மேல். பஸ் பழுதாகி நிற்கிறது, பதினொரு பேரும் இறங்கி நின்று ஒருவரையொருவர் ஏசுகிறார்கள். டேரலின் கையில் சில்லுக் கழற்றும் பெரிய ஸ்பானர். அது இரும்பு இல்லை, றப்பர். சண்டைக் காட்சிகளுக்கென்று செய்து சாயம் பூசுவார்கள். தள்ளி நின்று பார்த்தால் செய்தவனுக்கே வித்தியாசம் தெரியாது.

கமரா தூரத்தில் ஒரு மேட்டில், நீண்ட லென்ஸோடு. வெறும் வீதி, ஒரு பஸ், பதினொரு ஆட்கள். அதைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது. இந்த மாதிரி ஷாட்டுக்கு நாங்கள் செய்வது உங்களுக்குத் தெரியும்: கூம்புகளை எடு, மஞ்சள் அம்புக்குறி போர்ட்டை எடு, லொறிகளைக் களஞ்சியத்துக்குப் பின்னால் விடு, மனிதர்கள் எல்லோரும் ஒளி. காசு கொடுத்துப் பாதுகாப்புக்கு அமர்த்திய பொலிஸ்காரரும் தெற்குச் சந்திக்குப் போய்விட்டார், அவருடைய கார் லைற் தெரிகிறதாம். குகன் வடக்குச் சந்தியில் சோளத்துக்குள். நான் பஸ்ஸுக்குப் பக்கத்தில் சோளத்துக்குள். படம் எடுக்கிறோம் என்று சொல்வதற்கு அந்த வீதியில் ஒரு அடையாளமும் மிச்சம் இல்லை. அதுதான் திறமான வேலை என்று எங்களைப் புகழ்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் எடுக்க இருந்த காட்சியில் ஒரு பொலிஸ் கார் வரும். அமெரிக்கக் காராக வேஷம் போட்ட வாடகைக் கார் அது. வேலை இல்லாத நேரம் இப்படிப்பட்ட கார்களைத் திறந்து வைக்கக்கூடாது என்பது சட்டம். காலையில் சாம்பல் நிறத் தறப்பாளால் போர்த்தி, லொறிகளுக்கு நடுவில் நிறுத்தியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். கமரா ஓடத் தொடங்கியது. பதினொரு பேரும் கத்தத் தொடங்கினார்கள்.

தள்ளியிருந்த ஒரு புது வீட்டின் யன்னலிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் வந்த கறுப்பர்கள் வீதியில் தங்களுக்குள் அடிபடுகிறார்கள், ஒருவன் கையில் ஆயுதம் இருக்கிறது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அப்போது நான் கேட்டது குகனின் குரல் ஒன்றுதான். பதறிப்போய்ப் பொது அலைவரிசையில் கத்தினான்:

"அண்ணை, பொலிஸ் கார் ஒண்டு வருது. எங்கட கார் இல்லை, உண்மையான கார். நான் கை காட்டினனான், அவன் காணேல்லை. ஐயோ அண்ணை, கெதியாப் போகுது!"

நாற்பது பேர் அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளங்கியது எனக்கு மட்டும்.

பதறும்போது மனிதனுக்குத் தாய்மொழிதான் வரும், அதில் குகனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பகிடிக்கென்று நாங்கள் வைத்திருந்த மொழி ஆபத்துக்கும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. உதவி இயக்குநர் "ரேடியோவில் கதைக்காதீர்கள், கமரா ஓடுகிறது" என்று அதட்டினாள். அடுத்த நொடி டைரக்டரே பொத்தானை அழுத்திவிட்டார். ஒருவர் அழுத்திக்கொண்டு நின்றால் மற்றவர் பேச முடியாது. அவர் சந்தோஷத்தில் கையை எடுக்கவே இல்லை.

"யார் இன்றைக்கே அந்தக் காரை அனுப்பினது? பரவாயில்லை! நிறுத்தாதீங்க, ஒருத்தரும் நிறுத்தாதீங்க, அருமையா இருக்குது!"

மேட்டிலிருந்து திரையில் பார்த்தால் தூசியும் சிவப்பு லைற்றும்தான் தெரியும். அவரைப் பிழை சொல்ல முடியாது. டேரலும் அப்படித்தான் நினைத்தார். இந்த ஊர்ப் பொலிஸ் கார் எப்படியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டைரக்டர் சொல்லாமல் கொள்ளாமல் காரை அனுப்பி நடிப்பைப் பார்க்கிறார் என்று எண்ணி, கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு முன்னால் வந்தார், ஸ்பானரோடு.

"நாங்க என்ன குற்றம் செய்தோம்?" என்று அந்தக் கதாபாத்திரமாகவே கர்ஜித்தார்.

காரிலிருந்து இறங்கியவர் இளம் பொலிஸ்காரர். கதவுக்குப் பின்னால் நின்றார். கை இடுப்புக்குப் போனது. "கையில் இருப்பதைக் கீழே போடு!" குரல் உடைந்து வந்தது. பயந்திருந்தார். டேரலுக்கு அது நல்ல நடிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்.

நான் பொத்தானை அழுத்தினேன். கீங் என்ற சத்தம்தான் வந்தது.

கமரா ஓடும்போது ஃபிரேமுக்குள் போகிறவன் இந்தத் தொழிலில் இரண்டாம் தரம் வேலை கேட்டு வரத் தேவையில்லை. அது எனக்கு நினைவுக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முந்தி வேறொன்று வந்தது. ஊரில் இளைஞனாக இருந்தபோது, சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து ஆண்களை எல்லாம் இறக்கி வரிசையில் விடுவார்கள். துவக்கோடு நிற்கிறவன் உன் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். ஒரு முறை எனக்குப் பக்கத்தில் நின்றவர் அடையாள அட்டையை எடுக்கக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன்.

என் கையில் கறுப்பு வாக்கி. அதைச் சோளத்துக்குள் வைத்தேன். நான் போட்டிருந்த மஞ்சள் பாதுகாப்பு அங்கியின் சிப்பை மேலே இழுத்துவிட்டேன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வீதிக்கு வந்தேன். ஓடவில்லை.

நான் போய்ச் சேருமுன் ஆன்ட்ரேயின் குரல் கேட்டது.

"டேரல்!"

படத்தில் டேரலின் பெயர் மோசஸ். கமரா ஓடும்போது ஒரு நடிகனை அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், கட்டடம் இடிந்து விழுந்தாலும். நாட்கணக்காக ஆன்ட்ரேயின் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. டேரல் அப்படியே நின்றார்.

"டேரல், அது நம்மட கார் இல்லை" என்றான் ஆன்ட்ரே. சத்தம் போடாமல், நித்திரையில் இருக்கிறவரை எழுப்புகிற மாதிரி. "இந்த ஊர்க் கார். உண்மையானது. இருங்க. என்னோட சேர்ந்து இருங்க."

சொல்லிக்கொண்டே அவன் சரளைக் கல்லில் மெல்ல உட்கார்ந்தான். கைகளை முழங்காலில் விரித்து வைத்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற கானாப் பெடியன் உட்கார்ந்தான். பிறகு அமெரிக்கக் கிழவர், முழங்கால் வலியோடு. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். கடைசியாக டேரல் விரல்களைத் திறந்தார்.

ஸ்பானர் விழுந்தது. இரும்பு விழுகிற சத்தம் வரவில்லை. அது துள்ளியது. இரண்டு முறை துள்ளிப் போய்ப் பொலிஸ்காரரின் பக்கம் உருண்டது. அவர் தோள் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். பிறகு அவர் அந்த றப்பரைப் பார்த்தார்.

"இது சினிமா, ஐயா" என்றேன் ஆங்கிலத்தில். "நான் லொகேஷன் மேனேஜர். பெர்மிட் என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் அதை எடுக்க மாட்டேன். தெற்குச் சந்தியில் உங்கள் ஆள் ஒருவர் எங்களுக்காக வேலையில் நிற்கிறார். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாங்கள் இப்படியே இருக்கிறோம்."

பெர்மிட்டைப் பற்றிச் சொன்னதைக் கவனித்தீர்களா? எங்கள் தொழிலில் யார் வந்து கேட்டாலும் கை தானாகப் பைக்குள் போகும். பழக்கம். அப்படி ஒரு நேரத்தில் காகிதம் உங்களைக் காப்பாற்றாது, பிள்ளைகளே. எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். எடுக்காதீர்கள்.

நானும் அவர்களோடு சரளையில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் சோளத்துக்குள் கிடந்த வாக்கியில் டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார்: "யார் அந்த மஞ்சள் அங்கி? என் ஃபிரேமுக்குள் யார் அந்த மஞ்சள் அங்கி?"

பொலிஸ்காரர் தன் ரேடியோவில் பேசினார். பதில் வர எவ்வளவு நேரம் எடுத்ததோ, எனக்கு ஒரு மழைக்காலம் போன மாதிரி இருந்தது. அவர் கையை இடுப்பிலிருந்து எடுத்தார். "வீதியில ஒரு போர்ட் வைத்திருக்கலாமே" என்றார். உண்மையாகவே மனம் நொந்து கேட்டார்.

அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. டைரக்டர் ஓடி வந்து, விஷயம் விளங்கியதும் பஸ்ஸின் சில்லில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். டேரல் பஸ் படியில் போய் இருந்தார். ஆன்ட்ரே தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தான்.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று டேரல் கேட்டார்.

"சின்ன வயசில இருந்தே அந்தக் கார்களைத் தூரத்தில வரேக்கையே தெரியும்" என்றான் ஆன்ட்ரே. "கோப்பி மட்டும் ஒருநாளும் தரேல்லை."

டேரல் சிரிக்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மறுநாள் மதியம் நான் கூடாரத்துக்குள் போனபோது இரண்டு மேசைகளும் சேர்த்துப் போடப்பட்டிருந்தன. நான் போடவில்லை, சாப்பாட்டுக்காரரும் போடவில்லை என்றார். பதினொரு பேரும் தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் தெரிய வந்தது. அந்த ஷாட் முழுவதும் பதிவாகியிருந்தது. தங்க நிற வெளிச்சத்தில் பதினொரு மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்காருகிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்களாம். தயாரிப்பாளர்கள் அதைக் கட்டாயம் படத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். டைரக்டரும் அப்படித்தான். படத்தின் உயிரே அதுதான் என்றார். மஞ்சள் அங்கியைக் கணினியில் அழித்துவிடலாமாம். நல்லது, என்னை அழிப்பது லேசு. ஒப்பந்தப்படி கமராவில் பதிவான எல்லாம் கம்பனிக்குச் சொந்தம். நடிகர்களிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

சாப்பாடு முடிய அவர்கள் எழுந்து டைரக்டரின் ட்ரெய்லருக்குப் போனார்கள். உள்ளே இடம் போதாது, வாசலில் கூட்டமாக நின்றார்கள். அவர் இறங்கி வந்தார். நான் குப்பைப் பைகளோடு அந்தப் பக்கம் நின்றேன்.

டேரல்தான் தொடங்கினார். "நேற்று எடுத்ததை நீங்க பாவிக்கக்கூடாது."

"நான் எழுதி வைத்த எதையும்விட அது நல்லது" என்றார் டைரக்டர். "இந்தப் படத்தை நான் ஏன் எடுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்க சேர்ந்து உட்கார்ந்த மாதிரி எந்த நடிகனாலயும் நடிக்க முடியாது."

"நாங்க நடிக்கேல்லை" என்றார் டேரல். "எங்கட நடிப்பைத்தான் உங்களுக்கு வித்தோம்."

"கதை வெளியே போக வேண்டாமா? சனம் பார்க்க வேண்டாமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆன்ட்ரேதான் வாயைத் திறந்தான்.

"என்ர அம்மா இந்தப் படம் பார்க்க வருவா" என்றான். "முன் வரிசையில இருப்பா. புதுச் சட்டை வாங்கிட்டா. நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட ஒவ்வொரு நாளும் அவ பயந்தது அந்த ஒரு காட்சிக்குத்தான். அதை அவக்குப் பெரிய திரையில காட்டப் போறீங்களா?"

டைரக்டர் அவனைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகப் பதினொரு பேரையும் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்க ஒரே பாவமாக இருந்தது. பல வருடங்களாகச் சுமந்த கதைக்கு வானத்திலிருந்து ஒன்று விழுந்திருக்கிறது, அதை அவர்களே திருப்பிக் கேட்கிறார்கள்.

"என் அம்மாவும் வருவா" என்றார் மெதுவாக. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் தயாரிப்பாளர்களோடு என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் என் வேலையில் இரண்டு விஷயங்களை மாற்றினேன். எவ்வளவு வெறுமையான ஷாட் என்றாலும் ஃபிரேமுக்கு வெளியே, வீதியில் வருகிறவர் கண்ணில் படும்படி, என் அங்கியைப் போட்ட ஒருவர் வெளிச்சத்தில் நிற்பார். சோளத்துக்குள் இல்லை. கமராக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும். மற்றது, நானும் குகனும் வாக்கியில் ஆங்கிலம். பகிடி விடுவதென்றால் பக்கத்தில் வந்து விடு மனே என்று என் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டேன். அவனுக்கு அது பெரிய தண்டனை.

படம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கென்று நகரத்தில் ஒரு தியேட்டரில் போட்டார்கள். ஆன்ட்ரே என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தாய்க்குப் பக்கத்தில் இருத்தினான். "அம்மா, இவர்தான் அண்ணை" என்றான். அது என் பெயர் என்றே அந்த மனுசி நினைத்துக்கொண்டார். மிஸ்டர் அண்ணை என்று கூப்பிட்டார். ஊதா நிறப் புதுச் சட்டை. கைப்பையில் இனிப்பு வைத்திருந்து எனக்கும் தந்தார்.

படம் ஓடியது. பஸ் வயல்வெளி வீதிக்கு வந்தது. பஸ் புகை கக்கி நின்றது. பதினொரு பேரும் இறங்கிக் கத்தினார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஒருவரும் அசையவில்லை. டேரல் அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து ஆன்ட்ரேயைப் பார்த்தார்.

அடுத்த காட்சியில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் உள்ளே இருந்தார்கள். டேரலும் ஆன்ட்ரேயும் ஒரே இருக்கையில். படத்தில் அந்த இருவரும் அதுவரை பகையாளிகள். எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு வந்த விமர்சனங்களில்கூட, அந்த இடத்தில் கதை துண்டாகிவிட்டது என்று ஒருவர் குறை எழுதியிருந்தார். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

தாய் என் பக்கம் சாய்ந்து, சிரித்துக்கொண்டு காதுக்குள் கேட்டார்: "அந்த பஸ்ஸை எப்படி அவ்வளவு கெதியாகத் திருத்தினார்கள்?"

"பதினொரு பேர் இருந்தார்களே" என்றேன்.